ஒரகடத்துக்கு இறங்கி வந்த மலை

போன மாதம் விடுதியிலிருந்து புது வார்டன் போன் செய்தாள். சின்ன வயசுப் பெண், பெரிய படிப்புப் படித்தவள், மரியாதையாகப் பேசினாள். மலையிலிருந்து புதிதாக ஒரு பேட்ச் வரப்போகிறதாம். "நீங்கதான் மொதல் மொதல்ல அவங்களப் பாத்துக்கினவங்களாமே, நான் எதுனா தெரிஞ்சு வச்சுக்கணுமாம்மா?" என்று கேட்டாள். இப்போது வாசலில் முகத்தைக் காட்டினால் திறக்கிற கதவு வைத்துவிட்டார்களாம், பாதி வேலை குறைந்துவிட்டதாம். நான் பலாப்பழத்திலிருந்து ஆரம்பித்தேன். கொட்டைக்கு வருவதற்குள் அவளுக்கு மீட்டிங் வந்துவிட்டது. அதனால் மிச்சத்தை எழுதிவைக்கிறேன். நேரம் கிடைக்கும்போது படிக்கட்டும்.

என் பெயர் ரீட்டா மேரி. காஞ்சிபுரம் ஜில்லா மண்ணூரில் பிறந்து மண்ணூரிலேயே வாக்கப்பட்டவள். தண்டலத்துப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் உதவிக்குச் சேர்ந்தேன். சாவிக்கொத்தைக் கையைவிட்டு இறக்கக் கூடாது, அழுகிற பெண்ணிடம் உடனே காரணம் கேட்கக் கூடாது என்பதை அங்கே கற்றுக்கொண்டேன். அதற்குமேல் பயிற்சி என்று எனக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. பிறகு ஒரகடத்தில், செல்போனுக்குள்ளே போகிற ஒரு சின்னப் பாகம் செய்கிற கம்பெனி தன் பெண் தொழிலாளர்களுக்கு விடுதி கட்டியபோது அங்கே வார்டன் ஆனேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

எங்கள் பக்கம் மேடு என்றால் ஏரிக்கரை. நான் என் வாழ்நாளில் ஏறிய ஒரே மலை பரங்கிமலை. அதை ஒருநாள் பெருமையாகச் சொல்லப்போய், ஜவ்வாது மலைப் பெண்கள் சிரித்த சிரிப்பில் எதிர் அறையிலிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

அந்தப் பெண்கள் வந்திறங்கிய நாளை மறக்க முடியாது. பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியது ஒரு சாக்குமூட்டை. பின்னாலேயே கோமதி. மெலிந்த உடம்பு, கணீர் என்று குரல். மூட்டையில் சாமை அரிசி. இங்கே சோறு பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று அம்மா கட்டிக் கொடுத்தாளாம். என்னைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, இங்க மேல எது, கீழ எது?"

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, மலையில் வலது இடது பேச்சே கிடையாது. கடைக்குப் போவது என்றால் மேலே, ஓடைக்குப் போவது என்றால் கீழே, போளூருக்குப் போவது என்றால் ரொம்பக் கீழே. தலையைத் தூக்கினால் ஏதாவது ஒரு முகடு தெரியும். அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை வைத்துத் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடுவார்கள். ஒரகடத்தில் தலையைத் தூக்கினால் நீலக் கூரை. அடுத்த கம்பெனியும் நீலக் கூரை, அதற்கடுத்ததும் அதே. முதல் ஞாயிற்றுக்கிழமை சோப்பு வாங்கப் போனவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. தேடிக்கொண்டு போனால், வேறொரு கம்பெனி வாசலில் உட்கார்ந்து அந்த செக்யூரிட்டியோடு, இதுதான் எங்க ஹாஸ்டலு, நீங்கதான் புதுசு என்று வாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். நான் வேதக்காரி. செருப்புக்குக் காவலாக வெளியே நின்றுகொண்டேன். பஸ் ஏறியதிலிருந்து இரண்டு பக்கமும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். இறங்கிய பிறகும் பார்த்தார்கள். "மலை எங்கம்மா?" என்றாள் ஒருத்தி. இங்கே மலையெல்லாம் கிடையாது, தரையில்தான் கோயில் என்றேன். முருகனுக்கு மலை இல்லையா என்று எல்லோருக்கும் முகம் வாடிவிட்டது. உள்ளே போய்விட்டு வந்த கோமதிதான் தெளிவாக இருந்தாள். "பாவம்மா அவுரு. மலை இல்லாத கொறைக்கு அவுரே அம்மாம் ஒசரம் வளந்துட்டாரு" என்றாள். அந்த முருகன் ஆளைவிட உயரமாக நிற்பார் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று அவள்தான் சொன்னாள்.

இனி என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அட்மின் மேனேஜர் வரதராஜன் சார். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி டை நுனியால் துடைப்பார். துடைப்பது நீளநீள கோபம் பெரிசு என்று அர்த்தம். துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு, "இதுக்கு நம்மகிட்ட ரூல் இருக்கா மேடம்?" என்பார். இல்லை என்றால் மறுநாளே இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் ஒட்டிவிடுவார். விடுதியின் வரலாறு முழுக்க அந்தச் சுவரில் இருந்தது. லீவு முடிந்து மலையிலிருந்து திரும்பிய பெண்கள் பலாப்பழம் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். வாசனை மாடி ஏறியது, ஈ வந்தது, எறும்பு வந்தது. விடுதிக்குள் பலாப்பழம் கூடாது என்று ஓர் உறை சுவரில் ஏறியது. அடுத்த தடவை சுளையாக எடுத்து டப்பாவில் கொண்டுவந்தார்கள். பலாப்பழமோ அதன் பகுதிகளோ கூடாது என்று திருத்தம் வந்தது. சரி என்று கொட்டையை மட்டும் கொண்டுவந்து வெந்நீர் கெட்டிலில் போட்டு அவித்தார்கள். கெட்டில் கருகியது. கொட்டை உட்பட என்று சேர்த்து ஒட்டினார் சார். தினமும் அந்தச் சுவரைப் படித்துவிட்டுத்தான் பெண்கள் ஷிப்டுக்குப் போவார்கள், சிரித்துக்கொண்டே.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் அவர்கள் சொன்னதெல்லாம் மலைக்கதைதான். சாமை எப்போது விதைப்பது, புளி எப்போது உலுக்குவது, தேன் எடுக்கப் போகிறவன் என்னென்ன செய்யக் கூடாது. காட்டுக்குள்ளே பலகைக் கல்லை நிறுத்திக் கட்டிய சின்னச் சின்னக் கல்வீடுகள் இருக்கின்றனவாம், குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்பார்களாம். காவலூரில் பெரிய தொலைநோக்கி இருக்கிறது. "எங்க மலையில நட்சத்திரம் எண்றதுக்கே கவர்மென்ட் ஆளு போட்டுகீது" என்றாள் ஒருத்தி. கோமதி சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அவர்கள் முன்னோர் காஞ்சிபுரத்துக்காரர்களாம். எந்தக் காலத்திலோ ஏதோ மனத்தாங்கலில் அண்ணன் தம்பிகளாக மலையேறிவிட்டார்களாம். "அப்ப நீங்க எங்க ஊர்க்காரங்கதானேடி" என்றேன். "நாங்க கோச்சிக்கினு போனவங்கம்மா" என்றாள்.

இப்போது அந்தக் காலண்டர் விஷயம்.

கம்பெனி ஒரு வருஷம் தன் தொழிலாளர்களையே படம் எடுத்துக் காலண்டர் போட்டது. மார்ச் மாதத் தாளில் எங்கள் மலைப் பெண்கள். தூசு புகாத அறையில் வேலை செய்கிறவர்கள், அதனால் உச்சி முதல் பாதம்வரை வெள்ளை உடுப்பு. கண் மட்டும் தெரியும். கோமதி அப்போதுதான் லைன் லீடர் ஆகியிருந்தாள். பெருமையாக ஊருக்குக் காலண்டர் அனுப்பினாள். பிப்ரவரிவரை ஒன்றுமில்லை. தாளைத் திருப்பிய வாரத்திலேயே, குட்டி யானை என்று நாம் சொல்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று விடுதி வாசலில் வந்து குறுக்கே நின்றது. பின்பக்கம் முழுக்க ஆட்கள். முன் ஸீட்டிலிருந்து இறங்கியவர் பொன்னுசாமி நாட்டார். அந்த ஊருக்கு அவர் சொல்தான் முடிவு.

வாசலில் செக்யூரிட்டி ஏகாம்பரம். யாரைப் பார்க்க வேண்டும், என்ன உறவு என்று கேட்டிருக்கிறார். "எல்லாத்தையும் பாக்கணும். எல்லாத்துக்கும் ஒறவுதான்" என்றிருக்கிறார் நாட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்வையாளர் நாள் என்று ஏகாம்பரம் சொன்னதும், வந்தவர்கள் எல்லோரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஷிப்டு பஸ்கள் உள்ளே வர முடியாமல் ரோட்டில் வரிசை கட்டின.

நான் ஓடினேன். நாட்டார் என் முன்னால் காலண்டரை விரித்தார். மார்ச் தாளை விரலால் குத்திக் குத்திக் காட்டினார். அது கோபம் என்று முதலில் நினைத்தேன்.

"வெள்ளத்துணியில தலையிலேந்து கால் வரிக்கும் சுத்துனா எங்க பக்கம் ஒண்ணுதாம்மா அர்த்தம்" என்றார். "வந்த ஒடனே ரத்தம் வேற எடுத்தாங்கன்னு பொண்ணு சொல்லிச்சு. ஊர்ல பொம்பளைங்க சோறு துன்னல."

அது கோபமில்லை, பயம். வேலைக்குச் சேரும்போது எல்லோருக்கும் எடுக்கிற சாதாரண ரத்தப் பரிசோதனைதான். அதைச் சொன்னேன். அவர் தலையசைத்தார், ஆனால் நம்பவில்லை. பெண்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வந்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் கோமதியும் மற்றவர்களும் கீழே வந்துவிட்டார்கள். அன்றைக்கு அவர்களுக்கு மதிய ஷிப்டு. உயிரோடு நிற்கிற பெண்களைப் பார்த்த பிறகும் யாருக்கும் முகம் தெளியவில்லை. இன்றைக்கு இருக்கிறார்கள், நாளைக்கு இருப்பார்களா என்கிறார்கள். கோமதி என்னையே பார்த்தாள். அந்த வண்டியில் ஏறினால் அவள் லைன் லீடர் வேலை அன்றோடு முடிந்தது. ஒரு லைனே நின்றுபோகும். நாட்டார் சொல்லி ஏறமாட்டேன் என்றால் ஊரில் அவள் அம்மா தலைகாட்ட முடியாது.

வரதராஜன் சார் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். இவ்வளவு நேரம் அவர் துடைத்து நான் பார்த்ததேயில்லை. வெளியே பஸ்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், "உள்ள வாங்க ஐயா, உக்காந்து பேசலாம்" என்றார். சுவரில் ஒட்டியதற்கு நேர்மாறாக அவர் செய்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பார்வையாளர் அறையில் உட்கார்ந்ததும் நாட்டார் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த உடுப்பை இங்கே கொண்டுவர வேண்டும், அவர் கண்ணெதிரே ஒருவர் போட்டுக் கழற்ற வேண்டும். சார் ஆள் அனுப்பி பிளான்ட்டிலிருந்து ஒரு புது உடுப்பு வரவழைத்தார். கோமதி கை நீட்டினாள். நாட்டார் வேண்டாம் என்றார்.

"பொண்ணு வேணாம். நீங்க போட்டுக் காட்டுங்க."

சார் சுற்றிலும் பார்த்தார். அறையில் அத்தனை பேர். அவர் கொஞ்சம் கனத்த உடம்பு. உடுப்போ பெண்கள் அளவு. ஆனாலும் டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

அந்த உடுப்பைப் போடுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தலைமுடியை வலைக்குள் அடக்க வேண்டும், ஒரு மயிர் வெளியே தெரியக் கூடாது. பிறகு வாய்மூடி, அதன்மேல் தோள்வரை இறங்குகிற தலையுறை. அப்புறம்தான் உடுப்பு. அதைக் கையிலேயே சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக நுழைக்க வேண்டும். உடுப்பின் கையோ காலோ எந்த நுனியும் தரையைத் தொடக் கூடாது. தலையுறையின் ஓரத்தை உடுப்புக்குள் செருகி, ஜிப்பை மேலே இழுத்து, காலுறை மாட்டி, கடைசியில் கையுறை. கையுறை உடுப்பின் மணிக்கட்டுக்கு மேலே ஏறி நிற்க வேண்டும்.

சார் ஒரு காலைத் தூக்கினார். உடுப்பின் கை தரையில் பட்டது.

"தரையில பட்டுடுச்சு சார். மறுபடி மொதல்லேந்து" என்றாள் கோமதி.

அவள் யாரையும் கேலி செய்யவில்லை. லைனில் புதுப் பெண்களிடம் பேசுகிற அதே குரல். சார் மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை தலையுறையை மறந்துவிட்டார். மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் தடவை நாட்டாரே எழுந்து வந்து அவர் விழாமல் தோளைப் பிடித்துக்கொண்டார். ஜிப் வயிற்றுக்கு மேல் வரவில்லை. "மூச்ச இழுங்க சார்" என்றாள் கோமதி. இழுத்தார். ஏறியது. வெள்ளையாக நடு அறையில் நின்றார். ஏகாம்பரம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

நாட்டார் சாரைச் சுற்றி வந்தார். தோளைத் தட்டிப் பார்த்தார். "இது எதுக்கும்மா, மிஷின்லேந்து உங்கள காப்பாத்தவா?" என்று கோமதியிடம் கேட்டார்.

"இல்ல பெரியப்பா. எங்ககிட்டேந்து மிஷின காப்பாத்த. நம்ம மேல இருக்குற தூசு ஒண்ணு வுழுந்தாலும் அந்தப் பொருளு பாழு."

அவர் உடுப்பின் கையைத் தடவிப் பார்த்தார். தேன் எடுக்கப் போகிறவன் குளித்து, சுத்தமாகத்தானே போகிறான், தேனுக்கு ஆகாதது மேலே இருக்கக் கூடாது என்று தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார். அவர்களுக்கு அது உடனே விளங்கியது. அறையின் இறுக்கம் தளர்ந்தது. டீ வந்தது. சாரால் வாய்மூடியோடு குடிக்க முடியவில்லை. கழற்றுவதற்கும் கோமதி முறை சொன்னாள்.

டீ குடித்துக்கொண்டே நாட்டார் தீர்ப்புச் சொன்னார். பெண்கள் இருக்கட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. "நாங்க வந்து உங்கள பாத்துட்டோம். நீங்க வந்து எங்கள பாக்கணும். பொண்ணு குடுத்த வூடும் எடுத்த வூடும் அப்படித்தான்." ஏகாம்பரம் காஞ்சிபுரத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எந்தத் தெரு, யார் வகையறா என்று விசாரித்தார். முன்னோர் காலத்துச் சண்டையை ஏகாம்பரத்திடம் சமாதானம் பேசிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

நிபந்தனைக்கு சார் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். மறுநாளே என்னை அனுப்பினார்.

கோமதிக்கு லீவு வாங்கிக் கூடவே கூட்டிப்போனேன். போளூர்வரை நன்றாகத்தான் போனேன். அதற்குமேல் மலைப்பாதையின் வளைவு எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே ஏறினேன். கண்டக்டர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். ஜமுனாமரத்தூரில் இறங்கி இன்னொரு வண்டி, பிறகு நடை. ஊர் என்று கோமதி காட்டிய இடத்தில் சில வீடுகள். மிச்ச ஊர் எதிர்ச்சரிவில் இருந்தது, நடுவே பள்ளம். கூப்பிடு தூரம்தான், ஆனால் நடந்து போய் வர அரைநாள் ஆகும் என்றாள்.

என்னை மரத்தடியில் உட்கார வைத்து எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். எத்தனை மணிக்குக் கதவு பூட்டுவேன், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, யாராவது பையன் வந்து நின்றால் என்ன செய்வேன் என்று கேள்வி. நான் பெண்களை வேலைக்குச் சேர்க்கும்போது கேட்பதைவிட அதிகம். பிறகு எனக்கு அங்கே உள்ள முறைகளைச் சொன்னார் நாட்டார். இருட்டிய பிறகு வெளியே போகக் கூடாது. ஓடைக்குத் தனியாகப் போகக் கூடாது. அப்புறம், பலாப்பழத்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது, கரடி வரும். கோமதியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலை கிளம்பினேன். கோமதியின் அம்மா வண்டி நிற்கிற பாதைவரை வந்தார். வண்டிக்காரன் இன்ஜினைப் போட்டதும்தான் கேட்டார்.

"எம்பொண்ணு அங்க அழுவுறாளா?"

வந்த புதிதில் அழுதாள், இப்போது அவள் மற்றவர்களை அழவைக்கிறாள், எங்கள் மேனேஜரே சாட்சி என்றேன். அவர் சிரித்துவிட்டார். உடனே திரும்பி, வாயைக் குவித்து, எதிர்ச்சரிவைப் பார்த்துக் கூவினார். எம்மவ அழுவலையாம் என்று. பள்ளத்தைத் தாண்டி அங்கிருந்து ஒரு குரல் வந்தது. எம்பொண்ணு? அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொண்டு, அவளும் அழவில்லை, கொஞ்சம் குண்டாகிவிட்டாள் என்று கத்தினேன். மேலேயிருந்து இன்னொரு குரல். கீழேயிருந்து இன்னொன்று. ஆள் யாரும் தெரியவில்லை, மரம்தான் தெரிந்தது. வண்டிக்காரன் இன்ஜினை நிறுத்திவிட்டான். என் விடுதிப் பெண்கள் ஒவ்வொருத்தியைப் பற்றியும் ஒரு மலைக்கே கேட்கும்படி நான் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ரொம்பத் தூரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "எங்க வூட்டு செல்வி?"

செல்வி கடைசியாக வந்து சேர்ந்தவள். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் அழுவாள். காரணம் நான் கேட்டதில்லை. கோமதி என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடலாம், தூரத்தில் நிற்கிற அம்மாவுக்கு என்ன தெரியப்போகிறது. ஆனால் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அழுவுறா" என்று கத்தினேன்.

எங்கோ ஒரு ஆடு கத்தியது. பிறகு குரல் வந்தது. "செரி. நான் வரேன்."

நான் விடுதிக்குத் திரும்பிய இரண்டாம் நாள் காளியம்மா வந்துவிட்டார். செல்வியின் அம்மா. புருஷன் இல்லாதவர், வீட்டில் மாமனாரும் ஆடுகளும்தான். செல்வி பையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் படியில் நின்றாள், அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. கணக்கு முடிக்க வேண்டும், சார் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் காளியம்மா சில நாள் விடுதியில் தங்கும்படி ஆயிற்று. சும்மா இருக்கத் தெரியாத மனுஷி. வராண்டா பெருக்கினார், சமையல்கட்டில் வெங்காயம் உரித்தார், மாடியில் உலர்ந்த துணிகளை மடித்து வைத்தார். கிளம்ப வேண்டிய நாளில், ஹவுஸ்கீப்பிங்கில் ஆள் வேண்டுமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

செல்வி ஆடு மேய்க்க மலைக்குப் போனாள். அம்மா இங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஏற்பாட்டில் அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் திருப்தி, ஆடுகள் உட்பட என்று செல்வி போனில் சொன்னாள்.

நான் ஓய்வு பெற்ற நாளிலும் காளியம்மா அங்கேதான் இருந்தார். மகளை விட்டுவிட்டு இந்த வறண்ட காட்டில் எப்படி உங்களுக்கு மனசு பிடித்தது என்று ஒருதரம் கேட்டிருக்கிறேன். இரண்டாம் மாடியில் வாளியைக் குழாய்க்கடியில் வைத்துவிட்டு, திறந்து, நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அங்க தண்ணிக்கு நான் எறங்கணும்மா. இங்க தண்ணி என்னத் தேடிக்கினு மேல ஏறி வருது."